கடல் பக்கம் கை, தண்டவாளப் பக்கம் கால்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் பதினோரு வருடமாகக் குழந்தைகளுக்கு ஆட்ட உடற்பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பாட்டுக்கு ஆடியே உடற்பயிற்சி செய்யும் ஜும்பா வகுப்பில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. அங்கே போனால் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் எல்லாவற்றையும் ஆடிக் காட்டுகிறாள். மாதம் 600 ரூபாய் வீண்தானா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வீட்டில் எல்லாவற்றையும் ஆடிக் காட்டுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி வீணாகும்?

என்னிடம் ஒரு பையன் இரண்டு மாதம் தண்ணீர்த் தொட்டியின் படியில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் மாலை வகுப்பின் நடுவே மின்சாரம் போனது. ஸ்பீக்கர் நின்றதும் மற்ற பிள்ளைகள் கைதட்டியே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இவன் செருப்பை வைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டான்! இரண்டு மாதமாக அவனைத் தடுத்தது வெட்கம் என்று நினைத்திருந்தேன், ஸ்பீக்கர்தான் தடுத்திருக்கிறது. அன்றிலிருந்து சாதாரணக் குரலில் நான் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பாட்டை வைக்கிறேன்.

உங்கள் மகள் காதைப் பொத்துகிறாளா என்று பாருங்கள். ஸ்பீக்கருக்கு எதிர்மூலையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் நின்று ‘ஆடு, ஆடு’ என்று சைகை காட்டாதீர்கள். அந்த ஆசிரியை அவள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினால் மட்டும் வேறு வகுப்பு பாருங்கள்.

கேள்வி: நான் பெரியவர்களுக்கான ஜும்பா வகுப்புக்கு இரண்டு வருடம் போயிருக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பு தொடங்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் பலகை எழுதுபவரிடம் ஓடாதீர்கள். ஜும்பா என்பது பதிவு செய்யப்பட்ட பெயர். அந்தப் பெயரை வைத்திருக்கும் நிறுவனத்திடம் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். 4 முதல் 6 வயதுக்கும், 7 முதல் 11 வயதுக்கும் அவர்கள் தனித்தனியாக வகுப்பு பிரித்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றாலும் அந்தப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளையையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒன்று அழும், ஒன்று சலித்துப்போகும்.

என் முதல் வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். பெரியவர்களுக்கு வைத்திருந்த ஆட்டத்தையே வேகம் குறைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். இரண்டாவது பாட்டில் பாதிப் பேர் மேஜைக்கு அடியில் இருந்தார்கள். இப்போது ஒரு பாட்டுக்கு மூன்று அசைவு, அதிகம் போனால் நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குத் தெரிந்த பெயர். வலை இழுப்பது என்று ஓர் அசைவு உண்டு. காசிமேட்டுப் பிள்ளைகள் முன்னால் நான் அதைத் தப்பாகச் செய்துகாட்டினேன். ஒரு சிறுமி எழுந்து வந்து, “இப்படி இழுத்தால் கை அறுந்துவிடும் மிஸ்” என்று சொல்லி, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்துக் காட்டினாள். அவள் காட்டியதையே இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன். நண்டு நடை, ஐஸ் உடைப்பது, நடுநடுவே பாட்டை நிறுத்தி ‘ஸ்டேச்சு’. அந்த ஸ்டேச்சுவில்தான் அவர்கள் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். ‘ஓய்வெடுங்கள்’ என்று சொன்னால் எந்தக் குழந்தை நிற்கும்?

வலது, இடதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகளில் பலருக்கு அது குழப்பம். நாம் எதிரே நின்று காட்டினால் இன்னும் குழப்பம். கையில் கயிறு கட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுகிறார்கள். பிறகு ‘கடல் பக்கம் கை, தண்டவாளப் பக்கம் கை’ என்று மாற்றினேன். எங்கள் மாடியில் கிழக்கே கடல், மேற்கே ரயில். நான் எப்படித் திரும்பி நின்றாலும் கடல் அங்கேயேதான் இருக்கிறது, எனக்கும் அவர்களுக்கும் குழப்பமே இல்லை. உங்கள் தெருவில் கோயில் எந்தப் பக்கம், பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் சிமெண்ட் தரையில் குதிக்கவைக்காதீர்கள். ரப்பர் விரிப்பு வாங்கும்வரை குதிக்கிற அசைவுகளை நடக்கிற அசைவுகளாக்குங்கள். வெயில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வியர்வை குறைவு, அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் தணியாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை ஆறரைக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடித்துவிடுவேன். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் இல்லை என்பவரும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, கொஞ்சம் பருமன். உங்கள் மாதிரி வகுப்பில் சேர்த்தால் மூன்று மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: என் மாடியில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை, வைக்கவும் மாட்டேன். எடை உங்களை உறுத்தினால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அவன் காதுபடக் கிலோக் கணக்குப் பேசாதீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வகுப்பு வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம். மீதிக் கணக்கைத் தெருவில்தான் தீர்க்க வேண்டும். அவனை விளையாட இறங்க விடுகிறீர்களா?

கேள்வி: என் ஏழு வயது மகன் தெருவில் சாவு மேளம் கேட்டால் ஓடிப்போய் ஆடுகிறான். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை. நல்ல நடன வகுப்பில் சேர்த்தால் இந்தப் பழக்கம் போகுமா?
– வாசகி, புளியந்தோப்பு

பதில்: போகாது. எனக்கே போகவில்லை! வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும் வாசனை வந்தாலே சின்ன வயதில் என் கால் நிற்காது. அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

ஜும்பா வந்த கதை தெரியுமா? கொலம்பியாவில் காலி என்ற ஊர். 1990களில் பெட்டோ பெரெஸ் என்ற பயிற்சியாளர் ஒருநாள் வகுப்புக்கான கேசட்டை மறந்துவிட்டு வந்தார். கையிலிருந்த சல்சா, மெரெங்கே என்ற லத்தீன் அமெரிக்க ஆட்டப் பாட்டுக் கேசட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். அவர்கள் ஊர்த் தாளத்துக்குப் பணம் கட்டி ஆடும் நாம் நம்மூர்த் தாளத்துக்கு ஏன் கூச வேண்டும்?

சாலையில் ஆடுவதுதான் எனக்கும் பயம். பட்டாசு வெடிப்பார்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுவார்கள், வண்டிகள் வேறு. அதைச் சொல்லித் தடுங்கள். மானத்தைச் சொல்லித் தடுக்காதீர்கள். மேளத்தின் அடி மாறும் இடத்தில் அவன் கால் மாறுகிறதா என்று ஒருமுறை கவனியுங்கள். மாறினால் என்னிடம் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஆட்டத்துக்கு நான் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். பிஸ்கட் டின்னும் இரண்டு குச்சிகளும்தான். அடித்துக்கொண்டிருந்த பையன் ஆறாம் வகுப்புக்குப் போனதும் டியூஷன் என்று நின்றுவிட்டான். டின் சும்மாதான் கிடக்கிறது.