கொங்கு மண்டலம் தனி மாநிலமாக வாக்கெடுப்பு நடத்தலாமா?

சேலத்தை உள்ளடக்கிய கொங்கு மண்டலம் தமிழ்நாட்டிலிருந்து பிரிய வேண்டுமா என்பதை மக்கள் வாக்கெடுப்பால் முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் அரசியலமைப்பு அதற்கு இடம் தரவில்லை. 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றமே சட்டமியற்றிப் புதிய மாநிலத்தை உருவாக்கும். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2014இல் ஆந்திர சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பின்னரும் தெலங்கானா உருவானது.

வாக்கெடுப்பு வந்தாலும் நான் பிரிவினைக்கு எதிராகவே வாக்களிப்பேன். மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் நீரை நம்பியே தஞ்சை டெல்டா விளைகிறது. இன்று ஒரே அரசு முடிவு செய்யும் நீர்த்திறப்பு, நடுவே மாநில எல்லை வந்துவிட்டால், கர்நாடகத்தோடு நாம் தலைமுறைகளாக நடத்திவரும் வழக்கைப் போன்ற இன்னொரு வழக்காக, அதுவும் தமிழர்களுக்குள்ளேயே, மாறிவிடும். பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று 2014இல் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் நாணயமும் வடகடல் எண்ணெய் வருவாயும் வாக்குப்பதிவுக்கு முன்பே விரிவாக விவாதிக்கப்பட்டன. இங்கு பிரிவினை கோருவோரும் அணையை யார், எந்த விதிப்படி திறப்பார்கள் என்பதை முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும்.