கடல்பரப்புக் கதிர்வீச்சுத் தரவுகள்: எதை, எவ்வளவு நம்பலாம்?

கடல்பரப்பில் விழும் கதிர்வீச்சைத் தரும் தரவுத்தொகுப்புகளின் துல்லியம் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்பதைக் கீழே வெறும் ‘வாட்’ என்றே எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி: செயற்கைக்கோள் வழி வரும் சீரிஸ் (CERES), பழைய வானிலை அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துத் தயாரிக்கும் மறுபகுப்பாய்வுகளான ஈஆர்ஏ-5 (ERA5), மெர்ரா-2 (MERRA-2) ஆகியவற்றில் எது சிறந்தது ஐயா? ஒன்றைச் சொன்னால் போதும்.

மாதச் சராசரிக்கு சீரிஸைத்தான் எடுப்பேன். அது மேகத்தை நேரடியாகப் பார்க்கிறது; மறுபகுப்பாய்வோ மேகத்தைத் தன் கணினி மாதிரிக்குள் தானே உருவாக்கிக்கொள்கிறது. பெரு, சிலி கரைகளுக்கு அப்பால் தாழ்வாகப் படர்ந்துகிடக்கும் மேகங்களை இந்த மாதிரிகள் பல குறைத்தே காட்டும். அங்கே கடலில் விழும் வெயில் கணக்கில் கூடிவிடும். ஆனால் சீரிஸின் மாதத் தொடர் 2000 மார்ச்சில்தான் தொடங்குகிறது. 1980-களை ஆராய வேண்டுமென்றால் ஈஆர்ஏ-5 போன்றவற்றிடம்தான் போயாக வேண்டும்.

கடலியல் முதுகலை மாணவர்: கடலில் நங்கூரமிட்டு நிற்கும் மிதவைகளின் அளவீட்டையே உண்மை மதிப்பாகக் கொள்ளலாமா?

கண்ணை மூடிக்கொண்டு கொள்ளாதீர்கள். வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பிராட்டா (PIRATA) என்ற அளவீட்டு வலையின் மிதவைகளைப் பாருங்கள். வடபகுதியில் சஹாரா தூசி, கதிர்வீச்சை அளக்கும் கருவியான கதிர்மானியின் கண்ணாடிக் குவிமாடத்தில் படிகிறது. அளவு மெல்ல மெல்ல இறங்கும். மழை கழுவினால் கொஞ்சம் ஏறும். பராமரிப்புக் கப்பல் வந்து கருவியை மாற்றியதும் சட்டென்று பழைய உயரத்துக்குத் தாவும். மேகமற்ற நாள்களின் உச்ச மதிப்புகளை மட்டும் எடுத்து, தெளிவான வானத்துக்குக் கணக்கிட்ட மதிப்போடு வரைந்தால் இந்த ரம்பப்பல் வடிவம் பளிச்சென்று தெரியும். எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் இந்த வரைபடத்தைப் போட்டுவிடுங்கள்.

மிதவை சாய்ந்து நிற்பது இன்னொரு தொல்லை. நீரோட்டம் மிதவையை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும், அல்லது நேர்மாறாகவும் காட்டும். நன்றாகப் பராமரித்த மிதவையிலும் ஆண்டுச் சராசரியில் சுமார் 5 வாட் ஐயம் இருக்கும். அப்படியிருக்க, 3 வாட் வித்தியாசத்தைக் காட்டி ஒரு தரவுத்தொகுப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

புதிதாகத் தொடங்குபவர்: ஈஆர்ஏ-5 கோப்பில் மதிப்புகள் லட்சக்கணக்கில் வருகின்றன. கோப்பு பழுதா?

பழுதில்லை. அவை ஜூல்கள்; அதாவது, அந்த நேரம் முழுக்கச் சேர்ந்த ஆற்றல். வாட்டாக்க அதை விநாடிகளால் வகுக்க வேண்டும். மணிவாரித் தரவை 3,600-ஆல் வகுங்கள். 36 லட்சம் என்றிருப்பது 1,000 வாட். மாதச் சராசரிக் கோப்பானால் ஒரு நாளின் விநாடிகளான 86,400-ஆல் வகுக்க வேண்டும். மணிவாரித் தரவில் குறித்த நேரம் அந்த ஒரு மணி நேரத்தின் முடிவு என்பதையும் கவனியுங்கள். அதைத் தவறவிட்டால் காலை, மாலை மதிப்புகள் இடம்பெயர்ந்து நிற்கும்.

தரவுப் பகுப்பாய்வாளர்: என் தரவுக்கு மிதவையோடு ஒட்டுறவு (இரண்டு தொடர்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; முழுப் பொருத்தம் 1) 0.95 வந்திருக்கிறது. போதுமா?

போதாது. கோடையில் ஏறிக் குளிர்காலத்தில் இறங்கும் எந்த இரண்டு தொடரும் ஒட்டித்தான் போகும். பருவச் சுழற்சியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பாருங்கள். எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டும் ஒருபக்கப் பிழையை ஒட்டுறவு காட்டவே காட்டாது. அதைத் தனியே கணக்கிடுங்கள். மணிவாரி ஒப்பீட்டில் இன்னொன்று: நிலநடுக்கோட்டில் தரவுத்தொகுப்பின் ஒரு பாகைக் கட்டம் சுமார் 111 கிலோமீட்டர் அகலம், மிதவையோ ஒரு புள்ளி. கடந்துபோகும் ஒரு மேகமே பெரும் பிழையாகத் தோன்றும்.

ஆய்வு மாணவி: நிகர நெட்டலைக் கதிர்வீச்சில் (வானிலிருந்து வரும் வெப்பக் கதிருக்கும் கடல் வெளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தில்) மட்டும் வித்தியாசம் வருகிறதே?

முதலில் கடல்மேற்பரப்பு வெப்பநிலையைச் சோதியுங்கள். பெரும்பாலான மிதவைகள் கீழ்நோக்கி வருவதை மட்டுமே அளக்கின்றன. மேல்நோக்கிப் போவது வெப்பநிலையிலிருந்து கணக்கிடப்படுவது. 27 டிகிரி செல்சியஸில் ஒரு டிகிரி பிசகினால் ஏறக்குறைய 6 வாட் மாறும்.

கடலியல் முதுகலை மாணவர்: ஒரு தரவுத்தொகுப்பில் பூமியின் ஆற்றல் வரவு-செலவுக் கணக்கு நேராகிறது என்பதைச் சான்றாகக் கொள்ளலாமா?

ஆற்றல் கணக்கைச் சமன்செய்து வெளியிடப்படும் சீரிஸ் ஈபிஏஎஃப் (EBAF) தொகுப்பின் விஷயத்தில் கூடாது. வளிமண்டல உச்சியில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசமாக அது தரும் நிகர மதிப்பே, பெரும்பகுதி கடல் சேமித்த வெப்பத்திலிருந்து பெற்ற 0.71 வாட்டுக்கு இசைய 2005–2015 காலத்தை வைத்துத் திருத்தப்பட்டது. கடல் வெப்பத்தோடு அது பொருந்துவதில் வியப்பென்ன?

புதிதாகத் தொடங்குபவர்: நள்ளிரவில் சூரியக் கதிர்மானி −3 வாட் காட்டுகிறது!

குவிமாடம் குளிர்ந்த வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது, அவ்வளவுதான். இரவு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பகலை மறந்துவிடாதீர்கள். அதே இழப்பு பகல் அளவையும் சற்றுக் குறைத்தே காட்டும்.