மாமா, கடிக்குது!

கேள்வி:

எனக்கு 28 வயது. ஈரோட்டில் சொந்த வீடு, அப்பா 1996-ல் கட்டியது. ஐடி வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்தேன்: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி). ‘சைபர்பங்க் 2077’ ஆடினால் இருபது நிமிடத்தில் திரை கருப்பாகித் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. ஹெட்செட்டில் ‘உர்ர்’ என்ற இரைச்சல் எப்போதும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு பத்தவில்லை என்கிறார்கள் நண்பர்கள். ஆர்டிஎக்ஸ் 5070 சுமார் 60,000 ரூபாய். இஎம்ஐயில் எடுக்கலாமா, அடுத்த தலைமுறைக் கார்டு வரும்வரை பொறுக்கலாமா? கரன்ட் விஷயத்தில் கவலையில்லை, 2,000 ரூபாய்க்கு ஸ்பைக் கார்டு (வோல்ட் எகிறலைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி) போட்டிருக்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும், அது பழகிவிட்டது. அக்கா பையன் (4 வயது) லீவுக்கு வந்தபோது தொட்டுவிட்டு ‘மாமா, கடிக்குது’ என்றான். அதிலிருந்து அவர்கள் வந்தால் அறையைப் பூட்டிவிடுகிறேன். வீட்டு வயரிங் எல்லாம் அப்பா டிபார்ட்மென்ட். என் ஆர்வம் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

கார்டு கிடக்கட்டும் தம்பி. நான்கு வயதுப் பிள்ளை கையை உதறிக்கொண்டு ‘கடிக்குது’ என்று சொன்னதற்கு நீங்கள் செய்த ஒரே காரியம், கதவைப் பூட்டியது. அதையும் ஸ்பைக் கார்டுக்கும் அப்பாவின் டிபார்ட்மென்ட்டுக்கும் நடுவில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். இதே மாதிரிக் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. ‘லேசா ஷாக் அடிக்கும், பழகிடுச்சு’ என்ற வரி அவற்றில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்; கேள்வி மட்டும் எப்போதும் கார்டைப் பற்றித்தான்.

அந்தச் சுர்ர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரன்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள், ஒன்று ஃபேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும், கேபினெட்டின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவை கசியவிடும் துளிக் கரன்ட் பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாதபோது கேபினெட் அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் இருப்பதால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு அதன் மேல் ஏறி நிற்கும். நியான் டெஸ்டரை கேபினெட் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள், மினுக்கும். டூ பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கெபாசிட்டர் என்பதால் எப்படித் திருப்பினாலும் அதே பாதி வோல்ட்தான்.

இந்தக் கசிவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. அதுவே ஆளைக் கொல்லாது, உண்மை. உங்களுக்குப் பழகிவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், நீங்கள் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியில் செருப்போடு உட்கார்ந்து ஆடுகிறீர்கள். அக்கா பையன் வெறுங்காலோடு தரையில் நின்றான். குழந்தையின் உள்ளங்கை ஈரமாக வேறு இருந்திருக்கும். உங்களுக்குச் சுர்ரென்றது அவனுக்குக் கடித்தது. சரியாகத்தான் சொன்னான்.

கசிவை விடுங்கள், அது எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உங்கள் அறைச் சாக்கெட்டில் எர்த் இல்லை. அப்பா கட்டிய காலத்தில் லைட், ஃபேன், டிவிக்கு இரண்டு வயர் இழுத்து முடித்த வீடுகள் எத்தனையோ. த்ரீ பின் சாக்கெட் இருக்கும், மேலேயுள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அப்படியென்றால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஹீட்டர் எல்லாம் எந்த நிலைமையில் நிற்கின்றன? வாஷிங் மெஷினுக்குள் ஓர் எலி வயரைக் கடித்து, ஃபேஸ் வயர் உடம்பில் பட்டால் அங்கே நிற்பது பாதி வோல்ட் அல்ல, முழு 230. நல்ல எர்த் இருந்தால் கரன்ட் அந்த வழியாகப் பாயும்; போதுமான அளவு பாய்ந்தால் எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அப்படியே காத்திருக்கும். தொட்டாலும் எம்சிபி விழாது. அதற்கு ஆம்பியர் கணக்கில் பாய வேண்டும். மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும்.

இன்று உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: வாஷிங் மெஷினைத் தொடும்போது செருப்புப் போட்டுக்கொள்கிறீர்களா? ‘ஆமா, இல்லாட்டி ஒரு மாதிரி சுர்ருங்குமே’ என்று பதில் வந்தால், உங்கள் ஆர்வத்தை அவருக்குப் புரியவைப்பது எப்படி என்ற கேள்வியை அத்தோடு விட்டுவிடுங்கள்.

அறையைப் பூட்டினால் அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் பிள்ளைக்குக் காப்பு. ஹாலில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை லீவுக்கு வந்த வீட்டில் நாளுக்கு எத்தனை முறை அதைத் திறக்கும் என்று உங்கள் அக்காவைக் கேட்டால் சொல்வார். நீங்கள் அவனுக்குத் தாய்மாமன். காதுகுத்தில் மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமையை நம் ஊரில் தாய்மாமனுக்குச் சும்மா கொடுக்கவில்லை. வலிக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான். ‘மாமா, கடிக்குது’ என்று உங்களிடம்தான் வந்து சொன்னான்.

அடுத்தது அந்த ‘அப்பா டிபார்ட்மென்ட்’. 28 வயதில், கைநிறையச் சம்பாதித்துக்கொண்டு, அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது? தன் அறையும் தன் பிசியும் மட்டும் தன் பொறுப்பு என்று இருக்கும் பிள்ளை அந்த வீட்டில் குடித்தனக்காரர், அதுவும் வாடகை தராதவர். அதற்காக அப்பாவுக்குத் தெரியாமல் ஆளைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்கவும் வேண்டாம். அவர் கட்டிய வீடு. குறை என்றதும் முகம் சுண்டத்தான் செய்யும். அவரையே நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். பணம் நீங்கள் கொடுங்கள்.

ஆள் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. ஸ்பைக் கார்டின் பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா, நடுவில் டூ பின் கன்வெர்ட்டர் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி வரும். ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட். ஐந்தைத் தாண்டினால் ஏதோ சரியில்லை. ஃபேஸ்–எர்த் ஐம்பது, நூறு என்று தள்ளாடினால் எர்த் வயர் அந்தரத்தில் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் சில சமயம் பக்கத்து வயரின் தூண்டலையும் வோல்ட்டாகக் காட்டும் என்பதால் எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்ப்பார். பளிச்சென்று எரிந்தால் எர்த் இணைந்திருக்கிறது, மங்கினால் பெயருக்கு எர்த். அந்தப் பல்புச் சோதனையை நீங்கள் செய்யக் கூடாது.

வேலை இதுதான். வீட்டுக்கு வெளியே, ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து எர்த் குழி. 40 மி.மீ. ஜிஐ பைப், குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. இந்த வகைக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் செம்பு பூசிய ராடும் பென்டோனைட் கலவையும் போடும் ‘கெமிக்கல் எர்த்திங்’ இருக்கிறது. குழியிலிருந்து போர்டுக்கும், போர்டிலிருந்து ஒவ்வொரு த்ரீ பின் சாக்கெட்டுக்கும் பச்சை வயர். பவர் பாயின்டுகளுக்கு 2.5 சதுர மி.மீ. கேளுங்கள். மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு டூ போல், த்ரீ ஃபேஸுக்கு ஃபோர் போல். போகும் கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் ஒத்துப்போகாத கணமே அது விழும். பச்சை வயர் இழுக்க நாளாகும் என்றால் ஆர்சிசிபியை முதலில் மாட்டச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். குழிக்கும் ஆர்சிசிபிக்கும் ஆகும் செலவு நீங்கள் ஆசைப்படும் கார்டின் விலையில் சிறு பங்குதான். வயர் இழுக்கத்தான் கொஞ்சம் கூடும், அதுவும் பழைய பைப்புக்குள் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். ‘குழியெல்லாம் எதுக்கு சார், நியூட்ரலையே எர்த்துல லூப் அடிச்சுடுறேன்’ என்று சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுர்ர் நின்றுவிடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். என்றைக்காவது நியூட்ரல் கழன்றால் அந்தச் சாக்கெட்டில் மாட்டிய எல்லா உலோகத்தின் மேலும் முழு 230 வோல்ட் நிற்கும். அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, ஆர்சிசிபி மாட்டியதும் அடிக்கடி விழலாம். ‘உங்க வீட்டுக்கு ஒத்து வரல, எடுத்துடலாம்’ என்பார். எடுக்க விடாதீர்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஒன்றாகக் கட்டியிருக்கலாம், அல்லது எங்கோ நிஜமாகவே கசிகிறது. ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இத்தனையும் முடியும்வரை, குழந்தை வந்தால் பிசியைச் சுவிட்ச் ஆஃப் செய்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சில பழைய போர்டுகளில் சுவிட்ச் ஃபேஸை விட்டு நியூட்ரலைத்தான் வெட்டும்.

உங்கள் 2,000 ரூபாய் ஸ்பைக் கார்டுக்குள் வோல்ட் எகிறினால் திருப்பிவிடும் எம்ஓவி என்ற உறுப்புகள் இருக்கும். ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குத் திருப்ப வேண்டியவை, எர்த்தே இல்லாதபோது எங்கே திருப்பும்? இன்னும் மோசம், அதில் மாட்டிய மானிட்டர், ஸ்பீக்கர், பிசி எல்லாவற்றின் கசிவும் ஒரே எர்த் பட்டையில் சேர்ந்துகொள்ளும். ஹெட்செட் உர்ருக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த நிலையில் பிசியை ஹால் டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துவிடாதீர்கள். கேபிள் டிவி வயர் தெருவில் எங்காவது எர்த் ஆகியிருக்கும். சொருகும்போது பொறி பறந்தால் போவது கார்டின் போர்ட்.

ரீஸ்டார்ட்டுக்கு எர்த் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது வேறு கதை. கார்டுக்குப் பலம் பத்தாவிட்டால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறையும், படம் திக்கும். பிசி ரீஸ்டார்ட் ஆகாது. உங்கள் நண்பர்கள் சொன்னது தலைகீழ். ஆர்டிஎக்ஸ் 3060 இழுப்பது 170 வாட், உங்கள் பிராசஸர் 76 வாட் வரை. மொத்தமாக 300-ஐ ஒட்டித்தான். ஆனால் கார்டு கணநேரத்துக்கு அதைவிட எகிறி இழுக்கும். அதனால்தான் அதைத் தயாரிக்கும் என்விடியா 3060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 300-க்குப் பக்கத்தில் நின்றால், பெட்டியில் போட்டிருக்கும் ‘450’ விளம்பரம்தான். விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ இருக்கும். ஒழுங்காக மூடாமல் பிசி ரீஸ்டார்ட் ஆனது என்பதற்குமேல் அது எதுவும் சொல்லாது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75–80 சதவீதத்துக்கு இறக்கி, எஃப்பிஎஸ்ஸை 60-ல் கட்டி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். விழாமல் ஓடினால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. இதன் மேல் 250 வாட் இழுக்கும் 5070-ஐ மாட்டியிருந்தால் இருபது நிமிடம் இரண்டு நிமிடமாகியிருக்கும், இஎம்ஐ மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே முதலில் எர்த்தும் ஆர்சிசிபியும். பிறகு நல்ல பெயருள்ள 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று. நாளைக்கு 5070 வந்தாலும் அது போதும். 3060-ஐ வைத்துக்கொண்டே கேம் செட்டிங்ஸில் 1080பி-யில் ரே டிரேசிங்கை அணைத்து, டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் வைத்தால் சைபர்பங்க் தாராளமாக ஓடும். அடுத்த தலைமுறைக் கார்டைப் பற்றி அக்கா குடும்பம் அடுத்த லீவுக்கு வந்துபோன பிறகு எழுதுங்கள்.

ஆர்சிசிபியில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், நெம்புகோல் டக்கென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அழுத்தும்முன் கேமை சேவ் செய்துகொள்ளுங்கள்.