கப்பை விடுங்கள், சதவீதம் சொல்லும் புத்தகம் வாங்குங்கள்

வீட்டில் ஒரு ரொட்டி பஞ்சு மாதிரி வருகிறது, ஆர்டருக்கு இருபது செய்தால் கல்லாகிவிடுகிறது, இதற்கு எந்தப் புத்தகம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ உங்கள் கைமேல் தப்பில்லை, கப் அளவுதான் காலை வாருகிறது என்று தோன்றுகிறது. ஒரே கப்பில் மாவைத் தளரப் போட்டால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150. இருபது மடங்கில் அது எங்கே போய் நிற்கும், பாருங்கள்.

ஜெஃப்ரி ஹேமல்மேனின் ‘பிரெட்’ வாங்குங்கள். முதலில் 2004-ல் வந்தது. வீட்டு அளவும் பேக்கரி அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லாம் மாவை 100 என்று வைத்துப் போடுகிற கணக்கு. தண்ணீர் 68, உப்பு 2 என்றால், 500 கிராம் மாவுக்கு 340 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு. 10 கிலோவுக்கு 6.8 கிலோ, 200 கிராம். அவ்வளவுதான். ஆரம்பப் பக்கங்கள் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், சரி, தாண்டிக் குதிக்காதீர்கள்.

கென் ஃபோர்கிஷின் ‘ஃப்ளவர் வாட்டர் சால்ட் ஈஸ்ட்’ படிக்கச் சுகம். ஆனால் வீட்டு ஓவனை மனதில் வைத்து எழுதியது, உங்கள் ஆர்டருக்குப் போதாது.

அப்புறம், புத்தகத்துக்கு முன்னால் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.