டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கல்லூரிப் பட்டம் இல்லாமல் நல்ல சம்பளம் வாங்க முடியுமா? முடியும். ஆனால் எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்த வேலையில் ஒருவர் தப்பு செய்தால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்று விசாரியுங்கள். நட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் கைத்திறமைக்குக் காசு கொடுக்கிறார்கள்.

மகன் பிளஸ் டூவில் சுமாரான மார்க். எஞ்சினீயரிங் வேண்டாம், ஐடிஐ போகிறேன் என்கிறான். சொந்தக்காரர்கள் 'படிப்பு ஏறாத பிள்ளைகள் போகிற இடம்' என்கிறார்கள். எந்த டிரேடு (தொழிற்பிரிவு) எடுக்கச் சொல்லலாம்?
(அரியலூரிலிருந்து ஒரு தந்தை)

சொந்தக்காரர்கள் ஃபீஸ் கட்டப் போவதில்லை, அவர்களை விடுங்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணமே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

ரயில்வே, பொதுத்துறை என்று அரசு வேலைப் பக்கம் ஆசை இருந்தால் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன். அறிவிப்புகளில் அதிகம் அடிபடுவது இந்த இரண்டும்தான். தனியார் ஆலைதான் என்றால் மெஷினிஸ்ட், டர்னர். நான்குமே இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்.

சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் நேரே போய், பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். லேத்துக்குக் கீழே புதிதாகச் சீவிய இரும்புச் சுருள் கிடந்தால் நல்லது. மெஷின்மேல் துணி போர்த்தி, பூட்டி வைத்திருந்தால் வேறு ஐடிஐ பாருங்கள். தனியார் ஐடிஐ என்றால் மத்திய அரசின் இணைப்பு (என்சிவிடி என்பார்கள்) அந்தக் குறிப்பிட்ட டிரேடுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போர்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவற விடாதீர்கள். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பொன்மலைப் பணிமனை போன்ற இடங்களில் எழுத்துத் தேர்வு இல்லாமல் மதிப்பெண் அடிப்படையில்தான் எடுக்கிறார்கள், அதனால் பத்தாம் வகுப்பு மார்க்குக்கு மதிப்பு உண்டு. ரயில்வே நிறுவனங்களில் இப்படிப் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (ஆரம்பநிலைப் பணி) நேரடி நியமனங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது.

முதல் வேலைச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வீட்டில் யாரும் பையனைக் குத்திக் காட்டாமல் இருந்தாலே பெரிய உதவி. நான்காவது, ஐந்தாவது வருடத்தில் எங்கே நிற்கிறான் என்பதுதான் கணக்கு.

ஐடிஐ வெல்டர். நான்கு வருடமாக ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருக்கிறேன். 18,000 தாண்டவில்லை. என்னோடு படித்தவன் அதே வேலைக்கு என்னைப் போல மூன்று மடங்கு வாங்குகிறான். எப்படி?
(துவாக்குடி)

அதே வேலை இல்லை தம்பி. நீங்கள் ஆங்கிளும் பிளேட்டும் ஒட்டுகிறீர்கள். அவர் அநேகமாக பிரஷர் பைப் ஒட்டுகிறார். பாய்லர் குழாயில் ஒரு ஜாயிண்ட் கசிந்தால் மின் நிலையத்தின் ஒரு யூனிட்டையே நிறுத்த வேண்டி வரும். அந்தப் பயத்துக்குத்தான் சம்பளம்.

நீங்கள் போக வேண்டியது 6ஜி என்ற வெல்டிங் டெஸ்டுக்கு. குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்ப முடியாது, நீங்கள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழே தலைக்கு மேல் ஒட்டுவது, பக்கவாட்டில் செங்குத்தாக ஏறுவது, மேலே படுக்கையாக முடிப்பது எல்லாம் ஒரே ஜாயிண்டில் வந்துவிடும். ரூட் பாஸை (அடியில் போடும் முதல் அடுக்கு) டிக் வெல்டிங்கில் போட்டு, அதற்கு மேல் 7018 ராடில் ஃபில்லிங் (இடையை நிரப்புவது), கேப்பிங் (மேல் அடுக்கு) முடிப்பது வழக்கமான முறை. பலர் கோட்டை விடுவது ரூட்டில்தான். வெளியே கேப்பிங் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே ரூட் சேராமல் கோடு தெரியும். ராடு ஈரம் பட்டிருந்தால் துளை விழும். 7018ஐ அடுப்பில் காய வைத்துச் சூடு ஆறாமல் எடுக்கச் சொல்வது சடங்குக்காக இல்லை.

டெஸ்ட் கொடுக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். அமெரிக்க எஞ்சினீயர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிப்படி சின்ன விட்டக் குழாயில் தேறினால் அது பெரிய குழாய்க்கும் செல்லும். பெரியதில் தேறினால் சின்னதுக்குச் செல்லாது. வாய்ப்பு கிடைத்தால் கனமான சுவர் உள்ள சின்னக் குழாயைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தேறிய பிறகு அந்த முறையில் ஆறு மாதம் கை வைக்காமல் இருந்தால் தகுதி காலாவதி ஆகிவிடும். அதனால் எந்த சைட்டில், எந்தத் தேதியில், எந்த முறையில் ஒட்டினீர்கள் என்று கம்பெனியிடம் கையெழுத்து வாங்கி ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் ராடையும் ஷீல்டையும் பத்திரமாக வைப்பார்கள், காகிதத்தை விட்டுவிடுவார்கள்.

திருச்சியில் இருந்துகொண்டு தூரத்தில் தேட வேண்டாம். பெல் (பிஹெச்இஎல்) வளாகத்திலேயே வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, பயிற்சியும் சோதனையும் நடத்துகிறார்கள். பாய்லர் வேலை என்றால் ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் விதிகள்) வெல்டர் சான்றிதழ் தனி, அது அரசின் கொதிகலன் துறை வழியாக வரும்.

ஒன்று மறைக்க விரும்பவில்லை. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டும்போது கைக்குட்டை கட்டிக்கொள்வதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. சரியான மாஸ்க் கேளுங்கள், கொடுக்காவிட்டால் சொந்தக் காசில் வாங்குங்கள்.

சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஆபரேட்டராக மூன்று வருடம். இன்கிரிமென்ட் ஐந்நூறு, ஆயிரம்தான். கம்பெனி மாற்றினால் சரியாகுமா?
(கணபதி, கோவை)

மாற்றினால் இரண்டாயிரம் கூடும், அவ்வளவுதான். உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். டிராயிங்கில் 25 எச்7 போர் (துளை) என்று இருக்கிறது. அதாவது 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரை ஓகே. காலையிலிருந்து 25.012 வந்துகொண்டிருந்தது, மதியத்துக்கு மேல் 25.003 வருகிறது. யார் சரி செய்கிறார்கள்? இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்திருக்கிறது என்று புரிந்து, நீங்களே டூல் ஆஃப்செட்டில் (மெஷினில் பதிந்த டூல் அளவு) திருத்தம் போட்டு, அடுத்த பீஸை அளந்து பார்க்கிறீர்கள் என்றால் நீங்கள் பாதி செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்). செட்டரைக் கூப்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் பத்து வருடம் ஆனாலும் ஆபரேட்டர்தான். லோட் பண்ணி, பட்டன் அழுத்தி, இறக்கி வைக்க ரோபோ வந்துகொண்டிருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம் செட்டரோடு நில்லுங்கள். புது ஜாப் ஏற்றும்போது ஜி54 (பீஸின் தொடக்கப் புள்ளி) எப்படி எடுக்கிறார், டூல் நீளம் எப்படித் தொடுகிறார் என்று பாருங்கள். பெரிய கம்பெனியில் இது நடக்காது, அங்கே ஒரே பீஸை வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். வாரத்துக்கு நான்கு புது ஜாப் வரும் சின்ன ஜாப் ஒர்க் பட்டறையில் கற்றுக்கொள்வது வேகமாக நடக்கும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றரை வருடம் அங்கே இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் ஃபானுக், சீமென்ஸ் இரண்டு கன்ட்ரோலிலும் புரோகிராம் எழுத வந்துவிட்டால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) வேலைக்கு ஐடிஐ போதுமா? கண்ணாடி போடுகிறேன்.
(விருதுநகர்)

பத்தாம் வகுப்போடு உரிய டிரேடில் ஐடிஐ போதும். லெவல் 2, அடிப்படைச் சம்பளம் 19,900. அதைப் பார்த்துக் குறைவு என்று நினைக்க வேண்டாம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஓடிய கிலோமீட்டருக்கான படி எல்லாம் சேரும். பதவி உயர்ந்து மெயில் ரயில் ஓட்டும் நிலைக்கு வந்தால் நிறைய எஞ்சினீயர்களை விட நல்ல சம்பளம்.

ஆனால் கண் விஷயத்தில் சலுகையே இல்லை. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். லேசர் செய்துகொண்டவர்களையும் எடுப்பதில்லை. கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். அதே ஐடிஐக்கு டெக்னீஷியன் கிரேடு 3 இருக்கிறது, அதுவும் லெவல் 2. அதில் சில பதவிகளுக்குக் கண் விதி இவ்வளவு கடுமை இல்லை.

கப்பலில் ஜிபி ரேட்டிங் (ஆரம்பநிலை மாலுமி) வேலைக்கு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். வேலை கியாரண்டி என்கிறார்.
(தூத்துக்குடி)

கொடுக்காதீர்கள். ஜிபி ரேட்டிங் ஆறு மாதப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி, பதினேழரை முதல் 25 வயது, ஆங்கிலத்தில் 40 சதவீதம் வேண்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையங்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. அங்கே கட்டும் படிப்புக் கட்டணத்துக்கு ரசீது உண்டு.

வேலையில் சேர்த்துவிடுவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதி. இந்தியா அதை 2015இல் ஏற்றது. ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான) உரிமம் உள்ள கம்பெனி மூலம்தான் கப்பல் ஏற வேண்டும். அந்த உரிம எண்ணை ஏஜென்ட்டிடம் கேளுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். குறுக்கு வழியில் ஏறியவர்கள்தான் சம்பளம் வராமல், முதலாளி கைவிட்ட கப்பலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் ஒப்பந்தத்தில் பயிற்சிச் சம்பளம்தான். ஏபி (தேர்ந்த மாலுமி) ஆன பிறகு டாலர் கணக்கு நன்றாக இருக்கும்.

கணவர் கட்டட வேலை. சிங்கப்பூர் டெஸ்ட் அடித்துப் போக மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். வட்டிக்கு வாங்கலாமா?
(புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி)

கணக்குப் போடுவோம் அம்மா. இரண்டு வட்டிக்கு மூன்றரை லட்சம் என்றால் மாதம் 7,000 வட்டி மட்டும். அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தால், 26 நாளுக்கு 520 வெள்ளி. சாப்பாடு, ஃபோன் போக மீதி இருப்பதில்தான் வட்டியும் அசலும் வீட்டுச் செலவும். ஓவர்டைம் கிடைத்தால் மூச்சு விடலாம், கிடைக்காவிட்டால் முதல் வருடம் முழுக்கக் கடனுக்கே உழைப்பார்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் அந்தக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும், தமிழிலும் கிடைக்கும். வாயால் சொன்ன சம்பளமும் அதில் உள்ளதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அங்குள்ள ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

எட்டு வருடமாக வயரிங் வேலை. ஐடிஐ படிக்கவில்லை. வயது 27. இனி என்ன செய்வது?
(திண்டுக்கல்)

வேலை உங்களுடையது, லாபம் லைசென்ஸ் வைத்திருப்பவருடையது. புது இணைப்புக்கு மின்வாரியத்தில் கொடுக்கும் வயரிங் அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்துக்குத்தான் காசு. உங்களுக்கான வழி மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிரம்பி, ஐந்து வருடம் வயரிங் அனுபவம் இருந்தால் எழுதலாம். அறிவிப்பு வரும்போது உங்கள் ஊர் அரசு ஐடிஐயில் கேட்டால் விண்ணப்பம், மற்ற நிபந்தனைகள் எல்லாம் சொல்வார்கள். தேறிய பிறகு படிப்படியாக மேலே போகலாம்.

கூடவே சோலார் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் கூரைக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஆள் தேவை கூடியிருக்கிறது. டிசி வயரிங், எர்த்திங் ஒழுங்காகத் தெரிந்தவர்கள் குறைவு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விமானி ஆகலாம் என்கிறார்களே?
(ஓசூர்)

ஆகலாம். இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும், டிகிரி தேவையில்லை. உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்குச் செலவு அரைக் கோடியைத் தொடும். முதலில் மருத்துவத் தகுதிச் சோதனையை முடியுங்கள். வீட்டை அடமானம் வைத்துச் செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு 38 வயது. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். ஐடிஐயில் சேர வயது தாண்டிவிட்டதா?
(கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி)

இல்லை. தமிழ்நாட்டு ஐடிஐகளில் ஆண்களுக்குத்தான் 40 வயது வரம்பு, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள், விண்ணப்பம் இணையத்தில்தான். பக்கத்து அரசு ஐடிஐயின் உதவி மையத்திலேயே போட்டுக் கொடுப்பார்கள். தையல் டிரேடுதான் பெண்களுக்கு என்று அங்கே யாராவது சொன்னால், எலக்ட்ரீஷியனில் இடம் இருக்கிறதா என்று திரும்பக் கேளுங்கள்.