பழைய சிங்கள நடிகர்களில உங்களுக்குப் பிடிச்சவர் ஆர், ஏன்?

வேற ஆர், காமினி பொன்சேகாதான். தமிழ்நாட்டு ஆக்கள் ஆரப்பா இது எண்டு கேப்பியள். 'பைலட் பிரேம்நாத்'தில சிவாஜியோட நடிச்ச மாலினி பொன்சேகாவைத் தெரிஞ்சிருக்கும், அவவுக்கு இவர் சொந்தமில்லை, பேர்தான் ஒண்டு, ஆனா ரெண்டு பேரும் சேந்து நடிச்ச படங்கள் கனக்க.

1936 இல தெஹிவளையில பிறந்து கல்கிசை சென் தோமஸில படிச்சவர். நடிக்கவெண்டு சினிமாவுக்கு வரேல்ல, கமராவுக்குப் பின்னால நிக்கத்தான் வந்தவர். டைரக்டர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின்ர 'ரேகாவ' (1956) யூனிட்டில உதவியாளர், பிறகு 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எண்ட இங்கிலீஷ் படத்துக்காக டைரக்டர் டேவிட் லீன் எங்கட கித்துல்கலயில ஒரு பாலத்தைக் கட்டி உடைச்சாரே, அந்தப் படத்திலயும் வேலை செய்தவர். 1962 இல வந்த 'ரன்முது தூவ'தான் சிங்களத்தில முதல் கலர் படம், அதில ஹீரோ இவர். 1965 இல 'சண்டியா', எங்கட சண்டியன்தான் அது, பேரிலயே விளங்கும் என்ன மாதிரிப் படம் எண்டு. அதோட சிங்களப் பெடியளுக்கு இவர் எங்கட எம்ஜிஆர் மாதிரி ஆயிட்டார்.

ஆனா எனக்கு அந்த அடிதடிக் காமினி பெரிசா ஒட்டேல்ல. நான் சின்ன வயசில ரூபவாஹினியில எதோ ஒரு படத்தில அவர் பத்துப் பேரை அடிக்கிறதைப் பாத்திட்டு சேனலை மாத்தின ஆள். பிறகு கனகாலம் கழிச்சு 'நிதானய' (1972) பாத்தன், அண்டைக்கு இரவு நித்திரையே இல்லை. நொடிஞ்சுபோன பெரிய வளவுக்காரன் ஒருத்தன், கழுத்தில நாலு மச்சம் இருக்கிற கன்னிப்பெண்ணைப் பலி குடுத்தா புதையல் வரும் எண்டு ஒரு பழைய ஏட்டில வாசிச்சுப்போட்டு, அப்பிடி ஒருத்தியைத் தேடிப் பிடிச்சுக் கலியாணமும் கட்டுறான். அவள்தான் மாலினி. மனுசி அவனில உயிரையே வச்சிருக்கு, அவனுக்கும் ஈரம் வரத்தான் செய்யுது, ஆனா கை அந்த ஏட்டை விடுதில்லை. ஸ்டார் எண்டு ஊரே கும்பிடேக்க இப்பிடி ஒரு கேவலமான மனுசனா நடிக்க ஆர் ஒத்துக்கொள்ளுவினம்? அதுவும் கத்தாமல், கண்ணை உருட்டாமல். 1997 இல சிங்கள சினிமாவுக்கு 50 வருசம் வந்தநேரம் அதுவரைக்கும் வந்ததில சிறந்த படமா இதைத்தான் தெரிஞ்செடுத்தவை.

அடுத்தது 'சருங்கலே'. 1979, சுனில் ஆரியரத்னவின்ர படம், சருங்கலே எண்டா பட்டம். அதில காமினி கொழும்பில கந்தோர் வேலை பாக்கிற நடராஜா எண்ட யாழ்ப்பாணத்துத் தமிழன். 77 இல தமிழருக்கு எதிரா நடந்த கலவரம் முடிஞ்சு ரெண்டு வருசம்தான், அந்தநேரம் முன்னணிச் சிங்கள ஹீரோ ஒருத்தர் தமிழனா நடிச்சுத் தமிழும் கதைக்கிறது லேசுப்பட்ட விசயமில்லை. எங்கட அப்பாவும் கொழும்பில கிளார்க்கா இருந்தவர், அந்தத் தமிழில கொஞ்சம் சிங்கள வாடை அடிக்குது எண்டு நொட்டை சொல்லுவார், ஆனா அந்த ஆள் நடக்கிற விதம், குடையைப் பிடிக்கிற விதம் எல்லாம் அச்சு அசல் எங்கட ஆக்கள் எண்டும் அவர்தான் சொல்லுவார். எங்கட ஊர்ச் சாதிப் புத்தியையும் படம் சும்மா விடேல்ல, அதுதான் எங்கட ஆக்கள் கொஞ்சப் பேருக்குக் கடுப்பு. 58 கலவரம் வருது எண்டதோட நிப்பாட்டுறன், முடிவைச் சொன்னா பிறகு ஏன் பாக்கிறியள்.

நடுவில டைரக்ஷனும் செய்தவர், 'பரசது மல்' (1966) முதல் படம். 89 இல ஐக்கிய தேசியக் கட்சியில மாத்தறை எம்பி, பாராளுமன்றத்தில பிரதிச் சபாநாயகராவும் இருந்தவர். அரசியலில அவரைப் பற்றிப் பெரிசாச் சொல்ல எனக்கு ஒண்டுமில்லை, ஒரு விசயத்தைத் தவிர. 1995 இல அவரை வடக்கு கிழக்கு மாகாண ஆளுநரா நியமிச்சவை. அதே வருசம் ஒக்டோபர் 30 இரவு நாங்கள் யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள சனத்தோட சனமா நிக்கிறம், ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுக்குது, அம்மம்மாவை சைக்கிள் கரியரில இருத்தி வச்சிருக்கு, அதுக்குள்ள அப்பா திடீரெண்டு "எங்கட ஆளுநர் இப்ப ஆர் தெரியுமோ, நடராஜா" எண்டார். பக்கத்தில நிண்டவருக்கு விளங்கேல்ல. அம்மாவுக்கு விளங்கினது, அவ சிரிக்கேல்ல.

அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் இருந்தது, யுத்தத்தை ஆளுநரா நடத்தினது எண்டு நீங்கள் கேக்கலாம், சரிதான். 98 இல அவரும் அதை விட்டிட்டார். 2004 செப்டெம்பர் 30 ஜா-எல வீட்டில செத்துப்போனார் எண்டு நியூஸில சொல்லேக்க அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிப்போட்டு வந்து டீவிக்கு முன்னால இருந்திட்டார். சோத்துக்கோப்பை பாதியில அப்பிடியே கிடந்தது.

புதுசாப் பாக்கப்போறவை 'நிதானய'வில தொடங்குங்கோ. 'சண்டியா' பிறகு பாக்கலாம், பாக்காட்டியும் பரவாயில்லை.