பரணில் கிடந்த பழைய ஸ்ட்ரோலரைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே எப்படிச் சுத்தம் செய்வது?

உங்கள் கேள்வியில் நான்கு விஷயம் இருக்கிறது. அக்கா வீட்டுப் பரணில் இரண்டு வருடம் கிடந்த வண்டி, பூஞ்சை வாடை, கூடவே பாச்சா உருண்டை வாடை, ஏழு மாதப் பையன். டெட்டால் போட்டுத் துடைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனால் அதற்கும் முன்னால் பாச்சா உருண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அழுக்கைவிட அதுதான் அவசரம்.

பட்டுப்புடவைக்கு நடுவே போட்டு வைக்கிறோமே, அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன். அது கரைந்து ஒழுகாமல் அப்படியே ஆவியாகி, துணியிலும் ஸ்பாஞ்சிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவியை மூச்சில் இழுத்தாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகையும் காமாலையும் வரக்கூடும். அந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். பார்க்க நன்றாகவே இருப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியாது. அதனால் பையனை இன்னும் அதில் உட்கார வைக்காமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே உட்கார வைத்திருந்து, முகம் வெளுத்தோ கண் மஞ்சளாகவோ தெரிந்தால், சிறுநீர் டீ நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி இந்த உருண்டை விஷயத்தையும் சொல்லுங்கள்.

வண்டியை இன்றே பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய் விரித்து வையுங்கள். உருண்டைகளும் அவற்றின் தூளும் அடிக்கூடையிலோ மெத்தை மடிப்பிலோ சிக்கியிருக்கும், ஒன்று விடாமல் பொறுக்கி எடுங்கள். இரண்டு மூன்று நாள் காற்றாட நிற்கட்டும். துவைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

என் சின்ன மகளுக்கும் வந்தது கைமாறி வந்த வண்டிதான். நாத்தனார் மகன் உட்கார்ந்து, பிறகு ஒன்றரை வருடம் கட்டிலுக்கடியில் இருந்தது. வேளச்சேரியில் இரண்டாவது மாடி வீடு எங்களுக்கு. வந்த அன்றைக்கே ஆசையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, குழாயைத் திறந்து அலசி, ஃபேனுக்கடியில் ஒரு ராத்திரி வைத்தேன். மேல்துணி காய்ந்திருந்தது. மடித்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். நவம்பர் மாதம், வெளியே விடாத மழை. ஐந்தாம் நாள் விரித்துப் பார்த்தால் முதுகுப் பக்கம் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் காயவே இல்லை. அந்த மெத்தையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. இந்த வேலையில் பாதி துவைப்பது, பாதி காயவைப்பது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் எந்தத் திரவம் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அடுத்த இரண்டு நாள் வெயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்காதீர்கள்.

வெயில் நாளாகப் பார்த்துக் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக பெல்ட் எந்த ஓட்டை வழியாக எப்படி நுழைந்து வருகிறது என்பதை முன்னும் பின்னும் எடுங்கள். ஐந்து முனை பெல்ட்டைத் திரும்பக் கோக்கும்போது ஒரு முனையை மாற்றிப் போட்டாலும் அது குழந்தையைப் பிடிக்காது. பல வண்டிகளில் சீட் உறையும் மேலே உள்ள குடைத்துணியும் பட்டனாலோ வெல்க்ரோவாலோதான் நிற்கும், எளிதாக வந்துவிடும். முதுகுப் பக்கம் அட்டையோ மெல்லிய பலகையோ செருகியிருந்தால் முதலில் அதை உருவிவிடுங்கள். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும்.

கழற்றியதும் தண்ணீரைத் தொடாதீர்கள். காய்ந்த நிலையிலேயே தூசி எடுக்க வேண்டும். வாக்குவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தட்டிவிட்டு ஒரு பழைய பல் பிரஷ்ஷால் மூலைகளைக் கிளறுங்கள். சீட்டும் முதுகும் சேரும் மடிப்பில் ரஸ்க், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் கல்லாகிக் கிடக்கும். அங்கே பிரஷ் நுழையாது, துடைப்பத்து ஈர்க்குச்சி நுழையும். எறும்பு இருந்தால் எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுவிடாதீர்கள். அது பூச்சிமருந்து, பையன் கை வைக்கும் இடம். தின்பண்டத் துணுக்கு போனால் எறும்பும் தானாகப் போய்விடும்.

துணிகளுக்கு வருவோம். உள்பக்கத் தையலில் துவைக்கும் முறையைப் படமாகப் போட்ட ஒரு சின்ன சீட்டு இருக்கும். தொட்டி படத்துக்குள் 30 என்றிருந்தால் 30 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஆகாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் ப்ளீச் கூடாது. சீட்டு கிழிந்துபோயிருந்தால் கைத்துவையல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பால், தயிர், வாந்திக் கறைக்குப் பலரும் முதலில் வெந்நீர் ஊற்றுவார்கள். அது தவறு. முட்டை வெந்தால் இறுகுகிறதல்லவா, பாலில் உள்ள புரதமும் அப்படித்தான் சூட்டில் நூலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசிவிட்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனை குறைந்த சோப்புத்தூளைக் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை நிறைய வந்தால்தான் அழுக்கு போகும் என்று கிடையாது. குழந்தைக்குத் தொல்லை தருவது மிச்சம் தங்கும் சோப்புதான். வேர்வையில் நனைந்து தொடையிலும் முதுகிலும் சிவந்து தடிப்பதை என் மகளிடமே பார்த்தேன். பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று முறையாவது அலசுங்கள். வாழைப்பழக் கறுப்பு போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அது வெறும் நிறம்.

பூஞ்சை இருக்கிறதே, அதை வீட்டுக்குள் தட்டவோ தேய்க்கவோ கூடாது, விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். மாடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். துணியின் மேல் மட்டும் பூத்திருந்தால் சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். புள்ளியின் நிழல் லேசாகத் தங்கலாம், பரவாயில்லை. ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருந்தால், அதாவது துவைத்துக் காய்ந்த பிறகும் மூக்கருகே வைத்தால் ஈரமண் வாடை வந்தால், அந்த மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம். மேலே எதை ஊற்றினாலும் உள்ளே முழுதாகச் சேராது. அதே அளவில் புது மெத்தை தைத்துப் போடலாம், ஆன்லைனிலும் கிடைக்கிறது. கொடுத்தவர் வருத்தப்படுவாரே என்று மட்டும் அதில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

பெல்ட்டை வாளியில் முக்காதீர்கள், ப்ளீச் காட்டாதீர்கள். இழையின் பலம் போய்விடும். நாள்கணக்காகக் கடும் வெயிலில் கிடந்தாலும் பலம் குறையும். ஈரத்துணியில் துளி சோப்பு தொட்டு நீளவாக்கில் துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் திரும்பத் துடைத்தால் போதும். பையன் அதைத்தான் வாயில் வைத்துச் சப்பப்போகிறான், அதனால் இந்த இரண்டாவது துடைப்பில் சோம்பல் வேண்டாம். பக்கிள் ‘டக்’கென்று பூட்டாமல் திணறினால் உள்ளே ஜூஸோ பாலோ உறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கிளை மட்டும் ஆட்டி அலசுங்கள். எண்ணெய் விடக்கூடாது.

ஃப்ரேமைச் சோப்புத் துணியால் துடைத்தால் முடிந்தது. மடிப்பு மூட்டுகளில் மட்டும் கவனம். விரலை உள்ளே விட்டுத் துடைக்கும்போது யாரும் வண்டியை மடிக்கக்கூடாது, பெரிய குழந்தை வீட்டில் இருந்தால் அந்த நேரம் அங்கே வேண்டாம். 2009-ல் அமெரிக்காவில் மடிப்பு மூட்டில் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்பப் பெற்றார்கள்.

சக்கரத்தை நான் எப்போதும் கடைசியில்தான் எடுப்பேன், அதற்குத் தனி வாளி, தனித் துணி. யோசித்துப் பாருங்கள், செருப்பு போகும் இடமெல்லாம் சக்கரமும் போகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம், எலிக்காய்ச்சல் பரவும் வழி அதுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அதே தெருவில் உருண்ட வண்டியைக் குழந்தை தவழும் கூடம் வரை தள்ளி வருகிறோம். எங்கள் வீட்டில் இப்போது வண்டி செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். பெரும்பாலும் சக்கரம் ஒரு பட்டனை அழுத்தினால் கழன்று வரும். அச்சில் சுற்றிய தலைமுடியை ஊக்கால் இழுத்து எடுத்துவிட்டு, கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றில் அச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். கிரீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பிசினாகும். சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம், பிரேக்கில் படாமல்.

இப்போதுதான் கிருமிநீக்கம். வரிசை முக்கியம், அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே செலவாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி தேவையில்லை. சாதாரண நாளில் சோப்பும் தண்ணீரும் முழு உலர்வும் போதும். கைமாறி வந்த வண்டி, வாந்தி பேதி, கை கால் வாய் நோய், பூஞ்சை என்று காரணம் இருந்தால்தான் தேவை. உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

டெட்டாலைப் பற்றி நேரடியாகச் சொன்னால், அதில் இருப்பது குளோரோசைலினால். பாக்டீரியாவுக்கு வேலை செய்யும். ஆனால் பேதி உண்டாக்கும் நோரோ போன்ற வைரஸ்களிடம் பெரிதாக எடுபடாது, வாடை ஸ்பாஞ்சில் தங்கும், பிஞ்சுத் தோலுக்கு எரிச்சல் வரலாம். கை சானிடைசரும் அந்த வைரஸ்களுக்குச் சரிப்படாது. நான் பயன்படுத்துவது சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச், அதுவும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் சக்கரத்துக்கும் மட்டும். பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி, 5 சதவீதம் என்றால் 20 மில்லி. கிடைப்பது ஏறக்குறைய 0.1 சதவீதக் கரைசல். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், துணியில் நனைத்துத் துடைத்து ஐந்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். உடனே துடைத்து எடுத்தால் பலன் இல்லை. பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள், தின்பண்டத் தட்டு இருந்தால் அதைக் குழாயில் நன்றாகக் கழுவுங்கள். அலுமினிய ஃப்ரேமில் ப்ளீச் தங்கினால் அரிக்கும். அதனால் கைப்பிடி, ஃப்ரேம் இரண்டுக்கும் 70 சதவீத ஆல்கஹால் தொட்ட துணி போதும், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து. கலந்த ப்ளீச் தண்ணீர் மறுநாளைக்கு ஆகாது.

கழிப்பறை ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு, எதையும் ப்ளீச்சோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஃபினாயிலும் குழந்தை வண்டிக்கு வேண்டாம்.

என் மாமியார் சாம்பிராணி காட்டலாம் என்றார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிய அன்றைக்குக் காட்டிப் பழகியவர், பிரியத்தில் சொன்னது. “அத்தை, புகை துணியில தங்கிடும், அவ மூச்சு இன்னும் சின்னது, வெயில்லயே காய வைப்போம்” என்றேன். சரி என்று மாடியில் அவரே கொடி கட்டிக் கொடுத்தார். பகலில் உறையை மூன்று முறை திருப்பிப் போட்டதும் அவர்தான்.

காய்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஸ்பாஞ்ச் உள்ள இடத்தில் வெள்ளைத் துணியை மடித்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள், துணியில் குளிர்ச்சி ஏறினால் இன்னும் ஒரு நாள். நாஃப்தலீன் வாடை லேசாக மிச்சமிருந்தாலும் திரும்பத் துவைத்துத் திரும்பக் காற்றாட விடுங்கள். முழுதாகப் போகாவிட்டால் உறையும் மெத்தையும் மாற்றிவிடுங்கள். வாசனை ஸ்ப்ரே அடித்து மறைக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு, பிரேக் போட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், நகரக்கூடாது. பெல்ட்டைப் பூட்டிச் சுண்டி இழுங்கள். ஒரு பத்து கிலோ அரிசிப் பையை உட்கார வைத்து வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அதன் பிறகு பையனை ஏற்றுங்கள். மறுபடி மடித்து வைக்க நேர்ந்தால் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பழைய பருத்திச் சேலையைச் சுற்றி வையுங்கள், காற்று போகும். பாச்சா உருண்டை மட்டும் வேண்டாம்.